நாட்டுக்கோழி அறுக்கையில் காணும் கோளாறுகள்: எது குழம்புக்கு, எது குழிக்கு

வீட்டில் வளர்த்த கோழியை வீட்டிலேயே அறுப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. அந்தக் கோழி நேற்று எப்படி நடந்தது, என்ன தின்றது, எச்சம் எந்த நிறத்தில் போனது என்று அறுப்பவருக்கே தெரியும். ஆனால் பெரிய ஆபத்தும் அதே வீட்டில்தான் இருக்கிறது. "தலையைத் தொங்கப் போட்டுடுச்சு, சாகறதுக்குள்ள அறுத்துடு" என்கிற அவசரம் அது. புதுச்சேரியில் பாகூர் பக்கமானாலும், கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி முந்திரிக்கொல்லையானாலும் இந்தப் பேச்சு ஒன்றுதான். அப்படி அறுத்த கறியில் மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நாலு தண்ணீரில் அலசினாலும் நோய்க்கிருமி போகாது, மருந்தின் மிச்சம் போகாது, விஷமும் போகாது. மஞ்சள் வாடையை எடுக்கும், அவ்வளவுதான்.

முடிவெடுக்க இரண்டு சமயம்தான் உண்டு: கத்தி வைக்கும் முன், வயிற்றைத் திறந்தவுடன். துண்டு போட்டுவிட்டால் எந்த ஈரல் எந்தக் கோழியுடையது என்றே சொல்ல முடியாது. கரிநாளுக்கோ ஆடிக் கூழுக்கோ நாலைந்து கோழி அறுக்கிற வீட்டில், ஒவ்வொன்றின் குடலையும் ஈரலையும் அதனதன் உடலோடு வைத்துப் பார்த்து முடித்த பிறகே அடுத்த கோழியைத் தொடுங்கள்.

கத்தி எடுக்கும் முன் தெரியும் அறிகுறிகள்

இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, ஓரமாக நிற்கிறது. காரணம் எதுவானாலும் அன்றைக்கு அறுக்க வேண்டாம். கோழியின் உடல் சூடு நல்ல நிலையிலேயே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நடையையும் தீனி எடுப்பதையும்தான் பார்க்க வேண்டும். தனியாக அடைத்து இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். தேறினால் அதற்குப் பிறகு பார்க்கலாம். செத்தால் அது கறி இல்லை. தானாகச் செத்த கோழியில் ரத்தம் வடியாது, குடல் கிருமி சீக்கிரமே சதைக்குள் இறங்கிவிடும், செத்த காரணமும் தெரியாது.

ஒன்றிரண்டு நாளுக்குள் பல கோழிகள் சாகின்றன, கொண்டையும் தாடியும் நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறுகின்றன, முகம் வீங்குகிறது, காலில் ரத்தத் திட்டு. இது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். ஒன்றையும் அறுக்காதீர்கள், இறகு பிடுங்காதீர்கள், வெறும் கையால் தொடவும் வேண்டாம். எச்5என்1 கிருமி நன்றாக வெந்த கறியில் உயிரோடிருக்காது. மனிதருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நோய்க்கோழியைப் பிடித்து, அறுத்து, இறகு பிடுங்கி, குடல் எடுக்கிற வேலையில்தான். "நல்லா வேகவெச்சுடலாம்" என்கிற சமாதானம் அறுக்கிற ஆளைக் காப்பாற்றாது. கடலூர் மாவட்டத்தில் 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை ஊர்திச் சேவையை அழைக்கலாம். புதுச்சேரியில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்துக்கோ சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை மிச்சக் கோழிகளை வெளியே விடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், பிறகு கழுத்து முறுக்கிக்கொள்ளுதல். வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். கண் கூசும் அளவுக்குச் சிவந்து நீர் வடிவது தவிர மனிதருக்கு இது பெரும்பாலும் கேடு செய்யாது. ஆனாலும் அறுக்கக் கூடாது. ஒரு நோய்க்கோழியின் குடலும் இறகும் தெருக்கோடிக் குப்பையில் விழுந்தால் போதும், அந்தத் தெருவில் தடுப்பூசி போடாத கோழிகள் வரிசையாக விழும். இதைச் சந்தேகித்தால் வயிற்றைத் திறக்காமல் அப்படியே புதைப்பதே நல்லது.

கழுத்து துணி மாதிரி துவண்டு கிடக்கிறது, இறகைத் தொட்டாலே கையோடு வருகிறது. அழுகிய பிணத்தில் நெளியும் புழுவைத் தின்றதால் வரும் போட்டுலிசம் விஷம் இது. வெள்ளம் வடிந்த பிறகு இந்தக் கரையோரத்தில் கண்டிப்பாக எதிர்பார்க்க வேண்டியது. 2011 டிசம்பர் 30 தானே புயலும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும் இந்தப் பக்கமே கரையேறியவை. ஐப்பசி, கார்த்திகை மழை வந்தாலே தாழ்வான கொல்லைகளில் எலியும் கோழியும் செத்து மிதக்கும். தண்ணீரில் மூழ்கிச் செத்த கோழியையும், துவண்டுபோன கோழியையும் தின்னவே கூடாது. செத்ததை எல்லாம் பொறுக்கிப் புதைத்த பிறகே மற்றக் கோழிகளை வெளியே விடுங்கள்.

திடீரென வாயில் நுரை, நடுக்கம், மூச்சுத் திணறல். பூச்சிமருந்து. முந்திரி பூக்கிற தை, மாசியில் தெளித்த மருந்து, நாற்றங்காலுக்கு விதை நேர்த்தி செய்து மிஞ்சிய நெல், எலிக்கு வைத்த மாவு உருண்டை, எல்லாமே கோழிக்கு எட்டும். எலி மருந்தில் இரண்டு வகையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பொடியான ஜிங்க் பாஸ்பைடு தின்ற கோழியின் தீனிப்பையிலிருந்து பூண்டு வாடை வரும். அந்த வாயுவே விஷம், முகர்ந்து சோதிக்கிற வேலை வேண்டாம். புரோமடையலோன் வில்லை தின்ற கோழி உடனே சாகாது. சில நாள் கழித்து வெளிறிப்போகும். அறுத்தால் ரத்தம் உறையாமல் வடிந்துகொண்டே இருக்கும், தோலுக்கடியில் எங்கு பார்த்தாலும் ரத்தக் கட்டு. இந்த விஷம் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும், கொதிக்க வைத்தாலும் சிதையாது. ரத்தம் உறையாத கோழியை முழுதாகக் குழியில் போடுங்கள். நாய்க்கும் போடாதீர்கள், நாயும் சாகும்.

மருந்து கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோழி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கறிக்கு இன்னும் ஆகாது. ஒவ்வொரு மருந்துக்கும் கடைசி வேளைக்குப் பிறகு இத்தனை நாள் கழித்தே இறைச்சிக்கு என்று கணக்கு உண்டு, அது லேபிளில் இருக்கும். லேபிளைத் தூக்கி எறிந்திருந்தால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலந்து ஊற்றுவது நம் ஊரில் சகஜம். அதில் கோழிக்கான நாள் கணக்கே இருக்காது. கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் தரக்கூடாது என்று 2019ல் ஒன்றிய அரசே தடை செய்தது. மனிதருக்கு வேறெதுவும் கேட்காத தொற்றில் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது என்பதே காரணம். எந்தக் கோழிக்கு, என்ன மருந்து, என்றைக்கு என்று கூண்டுக் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அம்மைக் கொப்புளம் மட்டும் கொண்டையிலும் அலகோரத்திலும் இருந்தால் பயப்பட வேண்டாம், கோழி அம்மை மனிதருக்கு வராது. பொருக்கு உதிர்ந்து, கோழி தீனி எடுத்து, நெஞ்சுச் சதை பழையபடி ஆன பிறகு அறுக்கலாம். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் ஆடை படிந்து மெலிந்துபோனதை விட்டுவிடுங்கள்.

அறுக்கும்போதும் இறகு எடுக்கும்போதும்

தீனிப்பை நிரம்பியிருந்து குடல் எடுக்கையில் கொட்டுகிறது. முதல் நாள் இரவு ஏழு மணியோடு தீனியை நிறுத்தி, காலை ஐந்தாறு மணிக்கு அறுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரப் பட்டினி போதும். தண்ணீர் மட்டும் கடைசிவரை இருக்கட்டும். வெறும் தரையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் இரவெல்லாம் மண்ணையும் எச்சத்தையும் கொத்தும். கம்பிவலைத் தரை உள்ள கூண்டே சரி. பட்டினி நீண்டால் நல்லது என்று நினைக்கவும் வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் குடல்சுவர் மெலிந்து, விரல் பட்டாலே கிழியும், பித்தப்பையும் வீங்கி நிற்கும்.

தோல் முழுக்கச் சிவந்திருக்கிறது. ரத்தம் சரியாக வடியவில்லை. கழுத்தின் இரண்டு பக்க ரத்தக்குழாயும் அறுபட வேண்டும், தலைகீழாகப் பிடித்து இரண்டு மூன்று நிமிடம் வடிய விட வேண்டும். ஒன்றரைக் கிலோ கோழியில் 50, 60 மில்லி வடிந்தால் சரி. மூச்சு நிற்கும் முன் கொதிநீரில் முக்கினாலும் தோல் செக்கச்செவேலென்று ஆகும், அது கோழிக்குச் செய்யும் கொடுமையும்கூட. இறக்கை நுனியிலும் வாலடியிலும் மட்டும் சிவப்பு என்றால் அதை நறுக்கிவிட்டு உடனே சமைக்கலாம், வைக்க வேண்டாம். ரத்தம் தங்கிய கறி சீக்கிரம் கெடும். உடல் முழுவதும் சிவந்து, ரத்தமும் வராமலிருந்தால் அந்தக் கோழி கத்திக்கு முன்பே செத்திருக்கிறது.

தோல் கிழிந்து, நெஞ்சுக்கறி மேலாக வெந்து வெளுத்துவிடுகிறது. தண்ணீர் மிகச் சூடு. நாட்டுக்கோழிக்கு 60 முதல் 63 டிகிரி, 45 விநாடியிலிருந்து ஒரு நிமிடம். வெப்பமானி இல்லாத வீட்டில் தளதளவென்று கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் கிட்டத்தட்ட 65 வரும். பாத்திரம் கொஞ்சம் இழுத்துக்கொள்ள, வேண்டிய சூட்டில் நிற்கும். காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து முக்குங்கள், அப்போதுதான் இறகின் அடிவரை தண்ணீர் போகும். இறக்கையின் பெரிய இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். நாலைந்து கோழிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அந்தச் சூடு கிருமியைக் கொல்லாது, ஒரு கோழியின் எச்சத்தை அடுத்ததன் மேல் பூசத்தான் செய்யும்.

வாட்டிய பிறகு கசப்பு, மண்ணெண்ணெய் வாடை. தீயில் வாட்டுவதற்குக் காய்ந்த தென்னை ஓலை, வைக்கோல் அல்லது கேஸ் அடுப்பு. பாலித்தீன், பழைய டயர், வார்னிஷ் அடித்த பலகை எதுவும் கூடாது, அந்தப் புகையின் நஞ்சு தோல் கொழுப்பில் ஒட்டும். வாலடி மேல் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியைக் குடைந்து எடுக்க மறந்தாலும் குழம்பில் ஒரு மக்கு வாடை வரும்.

வயிற்றைத் திறந்ததும்

முதலில் நல்லது எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும். ஈரல் ஒரே சீரான செம்பழுப்பு, ஓரம் கூர்மையாக, மேலே மினுமினுப்பாக. முட்டைக் கோழியில் கொழுப்பால் கொஞ்சம் மஞ்சளடிக்கும். பித்தப்பை ஒட்டிய இடத்தில் பச்சைக் கறை இருந்தால் அது பித்தநீர் கசிந்தது, நோய் இல்லை. நுரையீரல் இளஞ்சிவப்பாக விலா எலும்புக்குள் பதிந்திருக்கும். மண்ணீரல் கருஞ்சிவப்பு உருண்டை. காற்றுப் பைகள் மெல்லிய பாலித்தீன் தாள் போல, அந்தப் பக்கம் தெரியும்படி இருக்கும். கெட்ட வாடை ஏதும் இருக்காது.

நோய் என்று நினைத்து நல்ல கோழியை வீசுகிறவர்களும் உண்டு. சேவலின் முதுகெலும்போரம் அவரைக்கொட்டை வடிவில் இருக்கும் இரண்டு வெள்ளை உருண்டைகள் அதன் விரைகள். பருவச் சேவலில் விரல் நீளத்துக்கு வரும். இளங்கோழியின் பின்வாய்க்கு மேலே கோலிக்குண்டு அளவில் ஒரு பை இருக்கும், கழுத்தின் இரு பக்கமும் வெளிர்சிவப்பாகச் சங்கிலி போலச் சதைத் துணுக்குகள் இருக்கும். இரண்டும் நோய் எதிர்ப்புக்கான உறுப்புகள், கோழி முதிரும்போது சுருங்கிவிடும். முட்டைக் கோழியின் வலப்பக்கம் தெளிந்த நீர் நிறைந்த சிறு பை இருந்தால் அது வளராமல் நின்ற முட்டைக்குழாய். கருங்கோழியில் எலும்பும் உறையும் கறுத்திருப்பது அதன் இனத்தின் குணம். தோல் மஞ்சளாக இருப்பது மக்காச்சோளமும் கீரையும் தின்றதால். இவை எல்லாம் குழம்புக்கே.

இனி ஆகாதவை.

ஈரலில் குண்டூசித் தலை அளவு வெள்ளை, சாம்பல் புள்ளிகள், ஈரல் வீங்கி ஓரம் மழுங்கியிருக்கிறது. கோழிக் காலராவோ கோழி டைபாய்டோ. டைபாய்டில் ஈரல் வெண்கலப் பாத்திரம் போலப் பளபளக்கும். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்ட நிலை இது. ஈரலை மட்டும் வீசிவிட்டுக் கறியைச் சமைப்பது அர்த்தமில்லாத வேலை. முழுக் கோழியும் குழிக்கு. கூட்டத்தில் மற்றவை என்னாகின்றன என்று அன்றே கவனிக்கத் தொடங்குங்கள்.

ஈரலில் வட்ட வட்டமாக, நடுவில் குழிந்த, மஞ்சள்-பச்சைத் திட்டுகள். குடல் கடைசியிலுள்ள இரண்டு குருட்டுக் குடலும் தடித்து உள்ளே பாலாடைக்கட்டி போல் கெட்டிச் சரக்கு. கருந்தலை நோய். வான்கோழிக்குத்தான் கொல்லும் நோய். நாட்டுக்கோழி பெரும்பாலும் தாங்கிக்கொண்டு கிருமியைச் சுமக்கும். குருட்டுக் குடலில் வாழும் சிறு புழுவின் முட்டையிலும், அதைத் தின்ற மண்புழுவிலும் இந்தக் கிருமி ஒளிந்திருக்கும். மனிதருக்கு வராது, ஆனால் ஈரல் இந்த நிலைக்குப் போன கோழி உணவுக்கு ஆகாது. வான்கோழியும் நாட்டுக்கோழியும் ஒரே கொல்லையில் மேய்வதை நிறுத்துங்கள்.

ஈரல், மண்ணீரல், குடல் மூன்றிலும் மஞ்சள்-வெள்ளைக் கட்டிகள், கத்தியால் வெட்டினால் கெட்டியாக இருக்கின்றன, நெஞ்செலும்பு கத்தி போல் துருத்திக்கொண்டிருக்கிறது. வயதான கோழியில் இது காசநோய். முழுதாகப் புதைக்க வேண்டும். இந்தக் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும், எனவே பழைய கோழிகளை ஐந்தாறு வருடம் வைத்திருப்பதை விட்டு, புது மண்ணில் புதுக் குஞ்சுகளோடு தொடங்குவதே வழி. ஆனால் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். குடல்சுவரில் மட்டும் சிறு சிறு முடிச்சு, ஈரலும் மண்ணீரலும் சுத்தம் என்றால் குடலை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். முடிச்சில் தலையைப் புதைத்த வெள்ளை நாடாப்புழு தெரியும். அது புழுத் தொல்லை, காசநோய் அல்ல. சதை நன்றாக இருந்தால் குடலை வீசிவிட்டுக் கறியைச் சமைக்கலாம். குடலில் நூடுல்ஸ் போல விரல் நீள உருண்டைப் புழுக்கள் இருந்தாலும் அதேதான். அவை மனிதருக்கு வராது. மற்றக் கோழிகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஈரல் இரு மடங்கு பெருத்து, வெளிறிய கட்டிகளோடு. இரண்டு மூன்று மாதக் கோழியில், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக விழுந்து கிடந்த பிறகு என்றால் மாரெக்ஸ் என்ற கட்டி நோய். நாலு மாதத்துக்கு மேற்பட்ட கோழியில் லுகோசிஸ் என்ற இன்னொரு கட்டி நோயாகவும் இருக்கலாம். இரண்டும் மனிதருக்குத் தொற்றுவதாக அறியப்படவில்லை. ஆனாலும் கட்டி பரவிய உடலைத் தின்ன வேண்டாம்.

இருதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளைத் தோலாடை, காற்றுப் பைகள் தடித்து மஞ்சள் சீழ்க்கட்டி. நாள்பட்ட சளியோடு ஈ.கோலை என்ற குடல் கிருமி சேர்ந்த நிலை. அமோனியா வாடை அடிக்கும், காற்றோட்டமில்லாத கூண்டில் அடிக்கடி வரும். முழுக் கோழியும் ஆகாது. மூக்கில் லேசாகச் சளி மட்டும் இருந்து, உள்ளே காற்றுப் பைகள் தெளிவாக இருந்தால் தலையை வீசிவிட்டுச் சமைக்கலாம்.

வயிற்றுக்குள் மஞ்சள் கரு கொட்டித் திரிந்து நாறுகிறது. முட்டைக்குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்த கருவில் கிருமி சேர்ந்திருக்கிறது. முட்டையிடுவதை நிறுத்தி, பென்குயின் போல நிமிர்ந்து நடந்த கோழியில் இதை எதிர்பார்க்கலாம். குழிக்கு. அறுக்கும்போது கத்தி பட்டு உடைந்த கருவுக்கு நாற்றம் இருக்காது, அதைக் கழுவினால் போதும்.

வைக்கோல் நிற நீர் அரை டம்ளர் வழிகிறது. மகோதரம். இருதயம் தளர்ந்தோ ஈரல் கெட்டோ நீர் கோத்தது. வேகமாக வளரும் பிராய்லர் இனக் கலப்பில் அதிகம். தின்ன வேண்டாம்.

இருதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு தூவியது போல வெள்ளைப் பொடி. சிறுநீரகம் கெட்டு யூரிக் உப்பு படிந்திருக்கிறது. தொற்று இல்லை, ஆனாலும் அந்தக் கோழியை விடுங்கள். காரணத்தைத் தேடுவதுதான் முக்கியம்: கத்திரி வெயிலில் தண்ணீர் வற்றிப்போனதா, முட்டைக் கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டதில் சுண்ணாம்பு மிகுந்ததா, கரையோரத்துப் போரில் உப்பேறிய தண்ணீரா. கருவாட்டுத் தூளை அள்ளிப் போடுகிற வீட்டில் தண்ணீர் குறைந்தால் உப்பு இரட்டிப்பாக அடிக்கும்.

குருட்டுக் குடல் முழுக்க ரத்தம். ரத்தக் கழிச்சல். மனிதருக்கு வராது. சதையும் ஈரலும் நல்ல நிறத்தில் இருந்தால் குடலை நீக்கிச் சமைக்கலாம்; சதை வெளிறிப்போயிருந்தால் வேண்டாம். ஈரமான தரையில்தான் இது பெருகும், மழைக்காலத்தில் உமியை மாற்றாமல் விட்டால் குஞ்சுகள் வரிசையாகப் போகும்.

சதையில் தெரிபவை

நெஞ்சுக்கறியின் உட்பக்கத்துச் சிறு சதை பச்சையாக, உலர்ந்து கிடக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும், நோய் அல்ல. நாய் துரத்தியோ பிடிக்கும்போதோ இறக்கையை ஓங்கி ஓங்கி அடித்ததில் அந்தச் சதைக்கு ரத்தம் போகாமல் செத்துவிட்டது. அந்தச் சதையை முழுதாக எடுத்துவிட்டால் மற்றது நல்ல கறி. மாலையில் துரத்திப் பிடிக்காமல், இரவில் கூட்டில் அமர்ந்திருக்கும்போது எடுத்துவிட்டால் இது வராது.

அடிபட்ட இடத்தின் நிறம் எப்போது அடிபட்டது என்று சொல்லும். சிவப்பு என்றால் சற்று முன், கருஞ்சிவப்பு என்றால் அரை நாள், பச்சை என்றால் ஒரு நாளுக்கு மேல். கட்டை விரல் அகலம் கூடுதலாக நறுக்கி எடுங்கள். நெஞ்செலும்பு மேல் தெளிந்த நீர்க் கொப்புளமும் அப்படியே. பாதத்தில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் என்றால் காலை முட்டிக்கு மேலே வெட்டி வீசுங்கள். முட்டியே வீங்கிச் சீழ் வைத்திருந்தால் முழுக் கோழியும் போக வேண்டும்.

மீன் வாடை. கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கத்திலும் கரையோரக் குப்பங்களிலும் மீன் கழிவு தின்று வளர்ந்த கோழிக்கு இது வரும். கெட்டதல்ல. அறுக்க இரண்டு வாரம் முன்பே மீனை நிறுத்தி கம்பும் நொய்யும் போட்டால் குறையும்.

வேலையில் ஏற்படும் தவறுகள்

பித்தப்பை உடைந்துவிட்டது. உடனே ஓடும் தண்ணீரில் காட்டி, பச்சை பட்ட இடத்தை நறுக்கி எடுங்கள். கசப்புதான், நஞ்சில்லை. குடல் கிழிந்து எச்சம் கொட்டியது இதைவிடப் பெரிய தவறு. துடைத்துப் பரப்பாமல், பட்ட தோலையும் சதையையும் வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். கத்தியைக் கழுவாமல் அடுத்த வெட்டுக்குப் போக வேண்டாம். பின்வாயைச் சுற்றி வட்டமாகக் கீறி, குடலோடு சேர்த்து வெளியே இழுத்தால் பெரும்பாலும் கிழியாது.

கறி ரப்பர் போல் இருக்கிறது. அறுத்த அரை மணிக்குள் அடுப்பேற்ற வேண்டும், இல்லையென்றால் விறைப்பு விடும்வரை பொறுக்க வேண்டும். நடுவில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் சமைத்தால்தான் இந்த இழுவை. ஃபிரிட்ஜில் பாதி நாள் வைத்தால் தானாகத் தளரும். வெளியே வைத்துத் தளரவிடக் கூடாது: ஐந்திலிருந்து அறுபது டிகிரிவரை கிருமி பெருகும், 32 டிகிரிக்கு மேலான நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் ஊரில் பாதி ஆண்டு அந்த நாள்தான். உடனே சமைக்காத கோழியை ஐஸ் தண்ணீரில் போட்டு நடுச்சதைவரை குளிர விடுங்கள். மீன் பெட்டிக்கு வாங்கும் கட்டி ஐஸை நேராகக் கறி மேல் போடாதீர்கள். குடிக்கும் தண்ணீரில் உறைய வைத்த ஐஸ் வேண்டும், இல்லையென்றால் கறியைப் பையில் கட்டி வெளியே ஐஸ் வையுங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு நாள்வரை, அதற்கு மேல் ஃபிரீசர். கையில் வழுவழுப்பும் புளித்த அல்லது அழுகிய முட்டை வாடையும் வந்துவிட்டால் மசாலாவால் மூட வேண்டாம்.

வெந்த பிறகும் எலும்போரம் சிவப்பு. இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசிவது. நடுச்சதை 74 டிகிரி தொட்டிருந்தால் பயமில்லை. கொதிக்கிற குழம்பில் அது தானாக நடந்துவிடும். ஆபத்து இருப்பது அவசர வறுவலில், குறிப்பாக வெளியே வறுபட்டு உள்ளே சிவந்திருக்கும் ஈரலில். குழந்தைக்கு முதலில் எடுத்துக் கொடுப்பதும் அதைத்தான். அடுத்த ஆபத்து, கோழி நறுக்கிய அரிவாள்மனையிலேயே வெங்காயப் பச்சடிக்கு நறுக்குவது. நேற்றைய குழம்பை இன்றைக்குச் சூடாக்கினாலும் சிலவகைக் கிருமியின் நஞ்சு அழியாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், 32 டிகிரிக்கு மேலான நாளில் ஒரு மணி நேரத்துக்குள், அகலப் பாத்திரத்தில் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

குழியும் சுத்தமும்

குழி மூன்று நான்கு அடி ஆழம். கிணறு, போரிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. கோழியின் மேலும் கீழும் சுண்ணாம்பு, மேலே இறுக்கிய மண், நாய் தோண்டாதபடி கல். மழைக்காலத்தில் இரண்டடியில் தண்ணீர் ஊறும் மணற்பாங்கான இடங்களில் புதைக்கக் கூடாது, முழுதாக எரியுங்கள். வாய்க்காலில் வீசுவது ஊர் முழுக்க நோயை விதைப்பது.

நோய்க்கோழியின் ரத்தம் விழுந்த தரைக்கு லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பலகை, கத்தி, பாத்திரத்துக்கு முதலில் சோப்பு, பிறகு பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி குவித்த அளவு போதும். ஆசிட்டோடு சேர்க்காதீர்கள், மூச்சடைக்கும் வாயு வரும்.

மருத்துவரிடம் காட்ட வேண்டிய கோழியைத் திறக்காமல், இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, வெளியே ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோங்கள். ஃபிரீசரில் உறைந்தால் உறுப்புகளைப் படிக்க முடியாது.

அறுத்தவருக்கோ இறகு பிடுங்கியவருக்கோ பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, ரத்தம் கலந்த பேதி வந்தால், மருத்துவமனையில் முதல் வார்த்தையாகவே கோழி அறுத்ததையும், அந்தக் கோழிக்கு என்ன அறிகுறி இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.